பழைய டிராக்டருக்கு மார்க் போடுவது எப்படி?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஏதோ ஒரு ஊர்க் கண்காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிராக்டர்கள் நிற்கின்றன. இரண்டுமே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1935-ல் செய்த ஃபார்மால் எஃப்-20. முதல் வண்டி பளபளவென்று சிவப்பு. பானெட்டில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். இரண்டாவது வண்டி சாம்பல் நிறம். அதிலும் பாதி உதிர்ந்து துரு தெரிகிறது. பின்சக்கரத்தில் இரும்பை வெட்டி வெல்டிங் வைத்த தழும்பு வேறு. பரிசு எதுக்கு?

கூட்டத்தைக் கேட்டால் சந்தேகமே இல்லாமல் சிவப்புக்குத்தான். ஆனால் 1935-ல் அந்தத் தொழிற்சாலையில் வழக்கமாக அடித்த பெயின்ட் சாம்பல். சக்கரம் மட்டும்தான் சிவப்பு. உடம்பு முழுக்கச் சிவப்புக்கு மாறியது 1936 கடைசியில். அப்படியானால் சிவப்பு வண்டி "தப்பு", சாம்பல் வண்டி "சரி" என்று முடித்துவிடலாமா? அதுவும் முடியாது. 1940களில் அந்த வண்டியின் சொந்தக்காரரே புது மாடல் மாதிரி தெரியட்டும் என்று சிவப்பு அடித்திருக்கலாம். பல பேர் அப்படிச் செய்தார்கள். அதுவும் அந்த வண்டியின் சரித்திரம்தானே?

என் பிழைப்பு சாஃப்ட்வேர். டிராக்டர் ஓட்டத் தெரியாது. ஆனால் ஒரு பொருளுக்கு மார்க் போடுவது, அந்த மார்க்குக்காகவே பொருளை வளைப்பது, இரண்டும் எங்கள் தொழிலில் தினசரி நடக்கிற கூத்து. பெஞ்ச்மார்க் டெஸ்டில் மட்டும் பறக்கிற மென்பொருளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த விஷயத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டினால், பண்ணை இயந்திரங்களுக்கு நியாயமாக மார்க் போடுவது எப்படி என்கிற சண்டை டிராக்டர் பிறப்பதற்கு முன்பே நடந்திருக்கிறது.

பரிசுக்காகவே பிறந்த இன்ஜின்கள்

இங்கிலாந்தில் 1838-ல் தொடங்கிய ராயல் வேளாண் சங்கம் ஆண்டுதோறும் ஒவ்வொரு ஊரில் கண்காட்சி நடத்தியது. அங்கே கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டுகிற, இடம் விட்டு இடம் இழுத்துப்போகக்கூடிய நீராவி இன்ஜின்களுக்குப் போட்டி உண்டு. விதி ரொம்ப எளிமை. ஒரு குதிரைத்திறனுக்கு 14 பவுண்டு நிலக்கரி கொடுப்பார்கள். பிரேக்கில் பூட்டி ஓடவிடுவார்கள். அந்த நிலக்கரியில் யார் அதிக நேரம் ஓட்டுகிறாரோ அவர் ஜெயித்தார்.

1849-ல் நார்விச் கண்காட்சியில் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தர 11 பவுண்டுக்கு மேல் நிலக்கரி தேவைப்பட்டது. 1872-ல் கார்டிஃப் கண்காட்சியில் கிளேட்டன் அண்ட் ஷட்டில்வொர்த் கம்பெனியின் இன்ஜின் அதே 14 பவுண்டில் ஐந்து மணி நேரம் ஓடியது. அதாவது மணிக்கு 2.79 பவுண்டு. 23 வருடத்தில் நாலில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. போட்டி வைத்ததால் கிடைத்த நன்மை இது, மறுக்க முடியாது.

ஆனால் இதற்குள்ளேயே ஒரு வியாதியும் புகுந்தது. கம்பெனிகள் போட்டிக்கென்றே தனி இன்ஜின் கட்ட ஆரம்பித்தன. அவற்றை "ரேஸர்" என்றே அழைத்தார்கள், பந்தயக் குதிரை மாதிரி. விவசாயிக்கு விற்கிற இன்ஜின் வேறு, பரிசு வாங்கப் போகிற இன்ஜின் வேறு. நிலக்கரி போடுகிற ஆளும் கம்பெனியின் கைதேர்ந்த ஆள். பரிசு பெற்ற இன்ஜினின் பெயரைப் பார்த்து விவசாயி வாங்கினால், வீட்டுக்கு வருவது அதன் ஒன்றுவிட்ட தம்பி.

2015-ல் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் புகைச் சோதனையின்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டு, ரோட்டில் வேறு மாதிரி ஓடியது அம்பலமானது நினைவிருக்கும். அதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய, நிலக்கரி வடிவம்தான் இந்த ரேஸர்.

டிராக்டர் வந்த பிறகும் இதே கதை. கனடாவில் 1908-ல் வின்னிபெக் நகரத்தில் டிராக்டர் போட்டிகள் தொடங்கின. எரிபொருள், இழுவை, வடிவமைப்பு என்று பல தலைப்பில் மார்க். கம்பெனிகள் தங்கள் நிபுணர்களைக் கூட்டிவந்து, வண்டியை முறுக்கேற்றி ஓட்டின. வடிவமைப்புக்குப் போடுகிற மார்க் நடுவரின் ரசனையைப் பொறுத்தது. தோற்ற கம்பெனி நடுவரைத் திட்டியது, ஜெயித்த கம்பெனி விளம்பரம் போட்டது. விவசாயிக்கு என்ன தெரிந்தது? பெரிசா ஒண்ணுமில்லை.

ஏமாந்த விவசாயி போட்ட சட்டம்

இந்தச் சிக்கலுக்கு ஒரு தெளிவான விடை கிடைத்தது நெப்ராஸ்கா மாநிலத்தில். அதைக் கொடுத்தவர் வில்மட் க்ரோசியர், போல்க் கவுன்டியைச் சேர்ந்த விவசாயி.

க்ரோசியர் முதலில் வாங்கியது "ஃபோர்டு" டிராக்டர். பெயரைக் கேட்டதும் ஹென்றி ஃபோர்டு என்று நினைப்பீர்கள். எல்லாரும் அப்படி நினைக்கவேண்டும் என்பதுதான் திட்டமே. மினியாபொலிஸ் நகரத்தில் சிலர் சேர்ந்து, ஃபோர்டு என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒருவரைப் பிடித்து, அவர் பெயரில் கம்பெனி தொடங்கியிருந்தார்கள். ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிற்பாடு ஹென்றி ஃபோர்டு தன் டிராக்டருக்கு "ஃபோர்ட்சன்" என்று பெயர் வைத்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

அந்த வண்டி வேலைக்கு ஆகவில்லை. அடுத்து வாங்கிய புல் என்ற டிராக்டரும் காலை வாரியது. மூன்றாவதாக வாங்கிய ரூம்லி ஆயில்புல் மட்டும், கம்பெனி சொன்ன திறனைவிட அதிகமாகவே வேலை செய்தது. க்ரோசியருக்கு உறைத்தது இந்த இடத்தில்தான். நல்ல டிராக்டரும் சந்தையில் இருக்கிறது, மோசமானதும் இருக்கிறது. விளம்பரத்தைப் படித்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. வாங்கி, காசைத் தொலைத்த பிறகுதான் வித்தியாசம் தெரிகிறது.

அவர் சட்டசபைக்குப் போனார். செனட்டர் சார்லஸ் வார்னரோடு சேர்ந்து 1919-ல் நெப்ராஸ்கா டிராக்டர் சோதனைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அந்த மாநிலத்தில் எந்த டிராக்டர் மாடலை விற்பதானாலும், அதில் ஒன்றைப் பல்கலைக்கழகத்தின் பொறியாளர்கள் சோதிக்கவேண்டும். சோதனைக்கு வருவது கடையில் விற்கிற அதே வண்டியாக இருக்கவேண்டும். ரேஸர் வேலை அங்கே செல்லாது. முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவேண்டும். தனக்குச் சாதகமான வரியை மட்டும் வெட்டி எடுத்து விளம்பரத்தில் போடக்கூடாது. மாநிலத்துக்குள் உதிரிபாகம் கிடைக்க ஏற்பாடு இருக்கவேண்டும்.

1920 வசந்தத்தில் முதல் சோதனை முடிந்தது. வண்டி வாட்டர்லூ பாய் மாடல் என். 12-25 என்று விற்கப்பட்ட வண்டி. அந்தக் காலத்து எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் எண் இழுவைக் கொக்கியில் கிடைக்கிற குதிரைத்திறன், இரண்டாவது பெல்ட் போட்டு கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டும்போது கிடைக்கிற குதிரைத்திறன். வாட்டர்லூ பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அதைத் தயாரித்த கம்பெனியை 1918-லேயே ஜான் டீர் வாங்கியிருந்தது என்பது உபரித் தகவல்.

இதில் என்னை அசரவைத்த விஷயம் ஒன்று உண்டு. நெப்ராஸ்காவில் முதல் பரிசு என்று ஒன்று கிடையாது. தங்க மெடல் கிடையாது. எந்த டிராக்டர் எதைவிட நல்லது என்று அவர்கள் சொல்லவே இல்லை. கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "நீ இப்படி என்று சொன்னாயே, அப்படி இருக்கிறாயா?" ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு மோதவிடாமல், அந்த வண்டியை அதன் வாக்கோடு மட்டும் ஒப்பிட்டார்கள். சின்ன டிராக்டர், பெரிய டிராக்டர் என்ற பஞ்சாயத்து தானாகவே மறைந்துவிட்டது.

அந்தச் சோதனைகள் இன்றும் நடக்கின்றன. 1959-ல் ஓஇசிடி அமைப்பு பல நாடுகளுக்குப் பொதுவான டிராக்டர் சோதனை விதிகளைக் கொண்டுவந்தது. 1986-ல் நெப்ராஸ்காவும் தன் சட்டத்தைத் திருத்தி அந்தச் சோதனைகளை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் இருக்கும் மத்திய அரசு நிறுவனம் செய்வதும் இந்த ரக வேலைதான்.

டிராக்டர் பழம்பொருள் ஆனபோது

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காட்சி மாறுகிறது. கம்பைன் அறுவடை இயந்திரம் வந்ததும் பழைய நீராவி இன்ஜின்களும் கதிரடிக்கும் இயந்திரங்களும் காயலான் கடைக்குப் போயின. அவற்றோடு வளர்ந்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை. 1950-ல் அயோவாவின் மவுன்ட் பிளசன்ட் நகரில் ஓல்ட் த்ரெஷர்ஸ் கூட்டம் தொடங்கியது. 1954-ல் மினசோட்டாவின் ரோலாக். இங்கிலாந்தில் 1969-ல் டார்செட் நீராவி விழா. ஆரம்பத்தில் இவை போட்டிகள் இல்லை. கூடி, பற்றவைத்து, ஓட்டி, பழைய கதை பேசிக் கலைகிற கூட்டங்கள். இன்றும் அமெரிக்காவில் பல டிராக்டர் கண்காட்சிகளில் மார்க்கே கிடையாது. ஊர்வலம் மட்டும் உண்டு.

மார்க் வந்தது பெரும்பாலும் பழைய கார் உலகத்தின் பழக்கத்திலிருந்து. அங்கே 400 புள்ளியில் தொடங்கி, குறை காணக்காணக் கழிப்பார்கள். கீறலா, கழி. துருவா, கழி. தவறான போல்ட்டா, கழி. காருக்கு இது ஓரளவு பொருந்தும். கார் பளபளப்பாகவே பிறந்தது. டிராக்டர் அப்படிப் பிறக்கவில்லை. வார்ப்பு இரும்பில் மணல் அச்சின் சொரசொரப்பு அப்படியே தெரியும். அதன்மேல் ஒரு கை எனாமல் பெயின்ட், சில இடங்களில் வழிந்த தடத்தோடு. இன்றைக்குப் புதுப்பிக்கிறவர்கள் அந்தச் சொரசொரப்பைப் பட்டி பார்த்து நிரப்பி, தேய்த்து, கார் பெயின்ட் அடித்து, அதற்கு மேல் கிளியர் கோட்டும் அடிக்கிறார்கள். எந்தத் தொழிற்சாலையும் ஒரு நாளும் செய்யாத டிராக்டர் ஒன்று வெளியே வருகிறது. கழித்தல் கணக்கில் அதற்குத்தான் அதிக மார்க்!

இதுவும் ரேஸர்தான். பரிசுக்காகவே பிறந்த வண்டி.

அழிந்துபோகிற சாட்சி

பரிசு யாருக்குப் போனால் நமக்கென்ன என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இதில் தொலைவது பரிசு மட்டுமில்லை.

ஃபோர்டு 2என் என்ற டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1939-ல் வந்த 9என் மாடலின் தம்பி. ஹாரி ஃபெர்குசனின் ஹைட்ராலிக் முப்புள்ளி இணைப்போடு வந்த குடும்பம் இது. (பிற்பாடு ஃபெர்குசன் தனியாக இங்கிலாந்தில் கொண்டுவந்த சாம்பல் நிற டிஇ20 ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த வழிதான் மாஸி ஃபெர்குசன் ஆகி, 1960-ல் சென்னையில் டாஃபே வழியாக நம் வயலுக்கும் வந்தது.) 1942-ல் போர்க்காலம். ரப்பர் இல்லை, செம்பு இல்லை. அதனால் 2என் வண்டிகளில் சில இரும்புச் சக்கரத்தோடு, பேட்டரியும் ஸ்டார்ட்டரும் இல்லாமல், மேக்னெட்டோவும் கைச்சுழற்சியுமாக வெளிவந்தன. போர் முடிந்து பொருள் கிடைத்ததும் சொந்தக்காரர்கள் டயரும் பேட்டரியும் போட்டுக்கொண்டார்கள்.

இப்போது மாறாத ஒரு போர்க்கால 2என் கண்காட்சிக்கு வந்தால், விவரம் தெரியாத நடுவர் என்ன செய்வார்? ஸ்டார்ட்டர் இல்லை, கழி. டயர் இல்லை, கழி. மார்க் வேண்டுமென்றால் சொந்தக்காரர் அதைச் "சரிசெய்ய" வேண்டும். சரிசெய்த அன்றைக்கு, ஒரு போர் ஒரு பண்ணைக்குள் எப்படி நுழைந்தது என்று காட்டிய சாட்சி ஒன்று குறைகிறது.

ஃபோர்ட்சன் மாடல் என் கதையும் இப்படித்தான். இங்கிலாந்தில் டேகன்ஹாம் ஆலையில் முதலில் நீலம், 1937-ல் ஆரஞ்சு, போர் வந்ததும் பச்சை. ஆரஞ்சு நிறம் வயலில் நின்றால் எதிரி விமானத்துக்குப் பளிச்சென்று தெரியும் என்பதால் மாற்றினார்கள் என்று சொல்வது வழக்கம். பச்சை வண்டியைச் சுரண்டி ஆரஞ்சு அடித்தால் பார்க்க அழகாக இருக்கும். வருடம் மட்டும் பொய்யாகிவிடும்.

முதலில் சொன்ன அந்த வெட்டி ஒட்டிய சக்கரத்துக்கும் இங்கேதான் அர்த்தம் கிடைக்கிறது. 1932-ல் ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனி டிராக்டருக்குக் காற்றடித்த டயர் போட்டது. அது வேகம் என்று காட்ட, அடுத்த வருடமே கார்ப் பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்டை வைத்து மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டியது. விவசாயிகளுக்கு ஆசை வந்தது. ஆனால் புது வண்டி வாங்கக் காசில்லாத பொருளாதார மந்தக் காலம். இரும்புச் சக்கரத்தின் வெளி வளையத்தை வெட்டிவிட்டு, ஆரக்காலின் நுனியில் டயர் மாட்டுகிற ரிம்மை வெல்டிங் வைத்துக்கொடுத்தார்கள் உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள். அந்தத் தழும்பு தொழிற்சாலை விதிப்படி குறை. சரித்திரப்படி பார்த்தால், மந்தக் காலத்தில் ஒரு விவசாயி எதைச் செலவு செய்யத் தகுந்தது என்று நினைத்தார் என்பதற்கு இரும்பிலேயே எழுதிய ரசீது.

சாஃப்ட்வேர் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், புது பெயின்ட் என்பது பழைய மாற்றங்களின் வரலாறு முழுவதையும் அழித்துவிட்டு, "முதல் பதிப்பு" என்று ஒரே ஒரு கமிட் போடுவது மாதிரி. கோட் சுத்தமாகத்தான் இருக்கும். ஏன் அப்படி எழுதினார்கள் என்று மட்டும் இனி யாருக்கும் தெரியாது.

உழவைப் பார், வண்டியைப் பார்க்காதே

சில போட்டிகள் இந்தச் சிக்கலிலிருந்து வேறு வழியில் தப்பித்தன. உழவுப் போட்டிகளில் பழைய டிராக்டர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. (உலக உழவுப் போட்டி 1953-ல் கனடாவின் கோபர்க் நகரில் தொடங்கியது.) அங்கே நடுவர் வண்டியைத் திரும்பியே பார்ப்பதில்லை. முதல் சால் எப்படித் திறந்தது, சால்கள் நேராக ஒரே அளவில் இருக்கின்றனவா, புல்லும் தாளும் முழுக்க மண்ணுக்குள் போயிற்றா, கடைசிச் சால் எப்படி முடிந்தது என்று மண்ணைத்தான் பார்க்கிறார். பெயின்ட் உதிர்ந்த வண்டியும் ஜெயிக்கலாம். அது நல்ல உழவரின் கையில் இருந்தால் போதும்.

எடை இழுக்கும் போட்டியில் இது அவ்வளவு சுலபமில்லை. எடை வாரியாகப் பிரித்தாலும், வெளியே பார்க்க அசல் போல இருக்கிற இன்ஜினுக்குள்ளே பெரிய பிஸ்டன் ஒளிந்திருக்கலாம். அதனால் பல இடங்களில் வேக வரம்பு வைக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க முடியாதபோது, அது வெளியே என்ன செய்யலாம் என்று வரம்பு கட்டுவது. புத்திசாலித்தனமான விதி.

நியாயம் எங்கே தொடங்குகிறது?

நின்று காட்டுகிற கண்காட்சிக்கு என்ன செய்யலாம்? என் கருத்து, க்ரோசியரின் கேள்வியையே அங்கேயும் கேட்கவேண்டும். வண்டியை வண்டியோடு ஒப்பிடாதீர்கள். வண்டியை அதன் வாக்கோடு ஒப்பிடுங்கள்.

சொந்தக்காரர் ஒரு அட்டையில் எழுதித் தரட்டும். "இது 1935-ல் ஆலையை விட்டு வந்த நிலைக்குத் திருப்பிய வண்டி" என்றால், நடுவர் அந்த வருடத்துப் பெயின்ட், வார்ப்பில் இருக்கிற தேதிக் குறி, வரிசை எண், மேக்னெட்டோ வரை பார்த்துச் சோதிக்கட்டும். அப்போது மிதமிஞ்சிய பளபளப்புக்கும் மார்க் குறையும். "இது கை வைக்காத வண்டி" என்றால் துருவுக்குக் கழிக்கக்கூடாது. நேற்று அடித்த பெயின்டுக்குக் கழிக்கவேண்டும். பழைய கார் சங்கங்கள் 1980களிலேயே இப்படிப் புதுப்பிக்காத கார்களுக்கென்று தனிப் பிரிவு வைத்துவிட்டன. "இது ஒரே பண்ணையில் நாற்பது வருடம் உழைத்த வண்டி, மாற்றங்கள் எல்லாம் எங்கள் குடும்பம் செய்தவை" என்றால், அந்த மாற்றங்களே பார்க்கவேண்டிய பொருள். எப்போது, ஏன் செய்தார்கள் என்று சொல்ல முடிகிறதா? பழைய போட்டோ, பில் இருக்கிறதா?

"நான் என் ரசனைக்குப் பளபளவென்று செய்தேன்" என்று ஒருவர் எழுதினால்? தாராளமாக எழுதட்டும். அதிலும் நல்ல கைவேலை, மோசமான கைவேலை உண்டு. அதை அசல் என்று சொல்லாதவரை யாருக்கும் நஷ்டமில்லை.

இப்படிச் செய்தால் பெரிய குற்றம் எது என்பதும் மாறிவிடுகிறது. ஸ்டார்ட்டர் இல்லாதது குற்றமில்லை. பொய் சொல்வதுதான் குற்றம். வரிசை எண் தகடு இன்று புதிதாகவே அடித்து விலைக்குக் கிடைக்கிறது. அரிய மாடலின் தகட்டைச் சாதாரண மாடலில் ஒட்டினால் விலை எகிறும். கீறலுக்கு ஒரு புள்ளி கழித்துக்கொண்டிருக்கிற நடுவர் இதைக் கோட்டைவிடுவார். வாக்கைச் சோதிக்கிற நடுவர் முதலில் பார்ப்பதே இதைத்தான்.

இதோடு சில சாதாரண ஒழுங்குகளும் வேண்டும். நடுவர் தன் வண்டியோ தன் வீட்டார் வண்டியோ நிற்கிற பிரிவில் மார்க் போடக்கூடாது. ஒருவர் போதாது, மூன்று பேர் தனித்தனியாகப் போடவேண்டும். இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லவேண்டும். முக்கியமாக, ஏன் கழித்தோம் என்று எழுதிய தாள் சொந்தக்காரர் கைக்குப் போகவேண்டும். நெப்ராஸ்கா அறிக்கைக்கு மரியாதை வந்ததே அதை யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம் என்பதால்தான். காரணம் எழுதாத மார்க்கை எதிர்த்து வாதாடவும் முடியாது, அதிலிருந்து கற்றுக்கொள்ளவும் முடியாது.

பழைய இயந்திரச் சேகரிப்பாளர்கள் அடிக்கடி சொல்கிற ஒன்று உண்டு. பெயின்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் ஒரு வண்டி ஒரே ஒரு தடவைதான் அசலாக இருக்க முடியும். உங்கள் வீட்டுக் கொட்டகையில் தாத்தா காலத்து டிராக்டரோ, பம்ப்செட் இன்ஜினோ நின்றுகொண்டிருந்தால், பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, தகட்டில் இருக்கிற எண்ணைக் குறித்துவையுங்கள். எந்தப் பாகத்தை யார் எப்போது மாற்றினார்கள் என்று தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றால், இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள்.